ஃபோர்ஜிங் ஷாஃப்டுக்கு ஹார்டு குரோம் போட்டால் விரிசல் விடாமல் அதிக நாள் உழைக்குமா?

ஹார்டு குரோம் என்பது தேயாமலிருக்கப் போடும் தடித்த குரோமியம் முலாம். தேய்மானம் குறையும், துருவும் எளிதில் அண்டாது. ஆனால் விரிசல், வெறும் குரோம் மட்டும் போட்டால், முன்பைவிடச் சீக்கிரமே வரும். உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஷாஃப்ட் உடைந்து கிடக்கிறது, முலாம் போடுகிறவர் ‘இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டுத் தருகிறேன்’ என்கிறார், அதுதானே? போடாதீர்கள்.

நான் எஃகைச் சூடாக்கி அடித்து உருவமாக்கும் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் தரப் பரிசோதனை பார்க்கிறவன். இந்தத் தொழிலில் எது உடைந்தாலும் முதல் குற்றவாளி ஃபோர்ஜிங்காரன்தான். பிரஸ் தயாரிக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு ஈ.என்.19 என்ற கலப்பு எஃகில் ஷாஃப்ட் அடித்துக் கொடுத்தோம். கடைசல், குரோம் எல்லாம் அவர்கள் வெளியே செய்துகொண்டார்கள். விட்டம் மாறும் படியில், அதன் மூலையை வளைத்து விடும் ரேடியஸிலேயே, ஒவ்வொன்றாக உடைந்தது. ‘ஃபோர்ஜிங் கோளாறு’ என்று கடிதம் வந்தது. பின்னாலேயே, நஷ்டத்தை எங்கள் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட்டும் வந்தது.

உடைந்த முகத்தில், அலை வடிந்த மணலில் தெரிவதுபோல வளைகோடுகள் இருந்தன. சுமை ஏறி இறங்கி மெல்ல வளர்ந்த ஃபேட்டீக் விரிசல் என்பதற்கு அதுவே சாட்சி. கோடுகள் எல்லாம் குரோம் ஓரத்தில் ஒரே புள்ளியைக் காட்டின. நெடுக வெட்டி அமிலத்தில் போட்டுப் பார்த்தோம். அடிக்கும்போது உலோகம் ஓடிய வரிகள் படியின் வளைவோடு அழகாகத் திரும்பியிருந்தன, மடிப்பு எதுவும் இல்லை. அதாவது ஃபோர்ஜிங்கில் கோளாறு இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், குரோமில் தொடங்கி எஃகுக்குள் இறங்கிய குட்டி விரிசல்கள் இன்னும் பல.

காரணம் சிக்கலானதல்ல. வளையும் ஷாஃப்டில் இழுவிசை உச்சத்தில் இருப்பது மேற்பரப்பில். ஹார்டு குரோம் படியும்போதே உள்ளுக்குள் இழுவிசையோடும் நுண்விரிசல்களோடும்தான் படிகிறது. எஃகோடு இறுக ஒட்டியிருப்பதால் அந்த விரிசல் உள்ளே இறங்க வழி தயாராக இருக்கிறது.

‘விமானத்தின் லேண்டிங் கியரிலேயே குரோம் உண்டே’ என்று யாராவது வருவீர்கள். உண்டு. ஆனால் அங்கே முதலில் ஷாட் பீனிங் செய்கிறார்கள். சிறு எஃகுக் குண்டுகள் மோதி மேல்தோலை விரிக்கப் பார்க்கும், உள்ளிருக்கும் உலோகம் விடாது. அதனால் மேற்பரப்பு அழுத்தத்தில் நிற்கும், விரிசல் வாய் திறக்கத் திணறும். குரோம் போட்ட பிறகு, முலாம் போடும்போது எஃகில் புகுந்து அதை நொறுங்க வைக்கும் ஹைட்ரஜன் வெளியேற, சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸில் வைத்து நெடுநேரம் சுடுகிறார்கள். அந்தச் சூடு ஹைட்ரஜனுக்கு மருந்து, நுண்விரிசலுக்கு அல்ல.

‘நாங்களும் ஷாட் பிளாஸ்ட் போட்டோமே’ என்பார்கள். அது செதிள் நீக்கும் வேலை. பீனிங் என்றால் ஆல்மென் தகடு என்ற சோதனைத் தகட்டின் மேலும் அதே குண்டுகளை அடித்து, அது எவ்வளவு வளைந்தது என்று அளந்து காட்ட வேண்டும். அளவு காட்டாதவரிடம் கொடுக்காதீர்கள். பீனிங் முடிந்த இடத்தை மறுபடி ஆழமாகக் கிரைண்ட் செய்தால் அந்த அழுத்த அடுக்கும் போய்விடும்.

அடுத்த லாட்டில் ரேடியஸுக்குப் பீனிங் செய்து, குரோமை ரேடியஸைத் தொடாமல் சற்று முன்னாலேயே நிறுத்தச் சொன்னோம். அந்தப் புகார் நின்றது. நன்றி என்று ஒரு வரி வரவில்லை.

சொல்ல வந்ததே வேறு என்றாலும் இதை விட மனமில்லை: புகாரைக் காட்டி, அதற்குச் சம்பந்தமில்லாத பழைய பில்களையும் நிறுத்தி வைத்தார்கள். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேய்மானம்தான் கவலை என்றால், எஃகின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றும் நைட்ரைடிங் பற்றி விசாரியுங்கள். மேற்பரப்பு கடினமாகும், அழுத்தமும் கிடைக்கும். எல்லா எஃகுக்கும் அது சரிவரும் என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். உடைந்த துண்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்க்காமல், ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல், எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். உடைந்த முகத்தின் படத்தைக் கீழே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.