கேள்வி பதில்: மடமா, மாளிகையா?

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகன், லேக்காக் அபே என்னும் இடத்தைப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறான். பழைய கன்னியர் மடம் என்கிறான். எனக்கோ பிரபு வீட்டு மாளிகைதான் தெரிகிறது, தேவாலயமே கண்ணில் படவில்லை. எதை நம்புவது, ஐயா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மகன் சொன்னதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி, அம்மா. வில்ட்ஷயர் வட்டாரத்திலுள்ள இந்த மடத்துக்கு 1232ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டியவர், கணவரை இழந்த சால்ஸ்பரி சீமாட்டி ஈலா. பிற்பாடு தாமும் துறவு பூண்டு, புனித அகுஸ்தீனார் பெயரிலான துறவு விதிகளைப் பின்பற்றிய அம்மடத்தின் தலைவியானார். எட்டாம் ஹென்றி மன்னர் நாட்டின் மடங்களையெல்லாம் கலைத்தபோது, 1539இல் இதுவும் மூடப்பட்டது.

அதை 783 பவுண்டுக்கு வாங்கிய வில்லியம் ஷாரிங்டன், தமக்குப் பயன்படாத தேவாலயத்தை இடித்துவிட்டு, குடியிருக்கத் தோதான பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டார். தோட்டம் கைமாறியதும் தொழிலாளர் லயங்களை இடித்துப் பங்களாவை வைத்துக்கொள்ளும் புது முதலாளியின் கணக்குத்தான் அது. பழமைப் பற்று எதுவும் அதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. (பிரிஸ்டல் நாணயச் சாலையில் மோசடி செய்து பிடிபட்டு, மன்னிப்புப் பெற்றுச் சொத்தை மீட்டுக்கொண்டவர் அவர்.) ஆனாலும் மடத்தின் தரைத்தளம் பிழைத்தது அந்தக் கணக்கால்தான்.

முற்றத்தைச் சுற்றிவரும் கல் தாழ்வாரம், கன்னியர் கூடிய மன்றம், குளிரில் நெருப்பு மூட்டிக் காய்வதற்கென்றே இருந்த அறை ஆகியவை கீழே இருக்க, அவற்றின் மேல்மாடி பிரபுவின் வீடாயிற்று. தாழ்வாரத்தின் இப்போதைய கூரை பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூரையைத் தாங்கும் கல் விலாக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில் செதுக்கு வேலை உண்டு, அண்ணாந்து பார்க்காதவர்களுக்கு அது தப்பிவிடும். ஈலாவின் கல்லறைக் கல்லும் இத்தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது. நீங்கள் தேடிய தேவாலயத்தில் இடிபடாமல் எஞ்சிய வடக்குச் சுவரே இன்று மாளிகையின் தெற்கு முகப்பு.

அந்த முகப்பிலுள்ள ஜன்னல் ஒன்றைத்தான், வீட்டுக்குப் பின்னாளில் உரிமையாளரான, புகைப்படக் கலை முன்னோடி ஃபாக்ஸ் டால்பட், வெள்ளி உப்புப் பூசிய மிகச் சிறிய தாளில் 1835 ஆகஸ்டில் படம்பிடித்தார். கேமராவில் எடுத்து இன்றுவரை எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் அதுவே மிகப் பழையது. ஜன்னலின் ஏறத்தாழ 200 கண்ணாடிச் சதுரங்களையும் லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 1944இல் அவர் குடும்பத்து மெட்டில்டா அம்மையார் கட்டடத்தையும் கிராமத்தையும் பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டதால்தான், உங்கள் மகனைப் போன்றவர்கள் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது.