கேள்வி-பதில்: கடைசி வரி வேண்டாம், முதல் எர்ரரை அனுப்புங்கள்

லாஸ்பேட்டை மாணவர்: சார், கல்லூரி லேபில் ஓடிய சி புரோகிராம் என் உபுண்டுவில் 'கோனியோ.ஹெச் இல்லை' என்கிறது. எந்தப் பேக்கேஜைப் போட வேண்டும்?

எதையும் போட வேண்டாம் தம்பி. அது டாஸ் காலத்து டர்போ சி கம்பைலரோடு (புரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வந்த ஹெட்டர், அதாவது ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைல். லினக்ஸில் கிடையாது, உபுண்டுவும் லினக்ஸ்தான். அந்த வரியையும், அதை நம்பி எழுதிய 'கிளியர் ஸ்கிரீன்', 'கெட்ச்' வரிகளையும் நீக்குங்கள். 'வாய்ட் மெயின்' இருந்தால் 'இன்ட் மெயின்' ஆக்குங்கள். இன்னொன்று, 2024இல் வந்த ஜிசிசி 14 (லினக்ஸின் வழக்கமான கம்பைலர்) முதல், அறிவிக்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் வெறும் எச்சரிக்கை இல்லை, எர்ரர்தான். தேவையான ஹெட்டர்களை ஒழுங்காகச் சேர்த்து எழுதப் பழகுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி: 'மேத்.ஹெச்' சேர்த்தும் ஸ்கொயர் ரூட்டுக்கு 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வருகிறது.

ஹெட்டர் கம்பைலருக்கு, லைப்ரரி லிங்கருக்கு (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைப்பது). கட்டளையில் '-எல்எம்' சேருங்கள். சோர்ஸ் ஃபைல் பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும், முன்னால் போட்டால் பல கணினிகளில் பலிக்காது.

மஞ்சக்குப்பம் வாசகர்: வைஃபை டாங்கிளுக்கு டிரைவர் கம்பைல் ஆகவில்லை. 'மேக்: எர்ரர் 2' வருகிறது. போட்டோ இணைத்துள்ளேன். சூடோ (நிர்வாகி உரிமை) போட்டும் பார்த்துவிட்டேன். அவசரம்.

போட்டோவைப் பார்த்தேன். திரையின் கடைசி நான்கு வரிகள், அதிலும் பாதியில் ஃப்ளாஷ் வெளிச்சம். டாங்கிள் என்ன சிப், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) என்ன வெர்ஷன் என்று ஒரு வார்த்தை இல்லை. இப்படி மாதத்துக்குப் பத்துக் கடிதமாவது வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'எர்ரர் 2' என்பது காரணமே இல்லை. மேக் (கம்பைல் வேலைகளை வரிசையாக ஓட்டும் கருவி) கூப்பிட்ட வேலை ஒன்று தோற்றது, அதனால் நின்றுவிட்டேன் என்கிறது, அவ்வளவுதான். எது தோற்றது என்பது அதற்கு மேலே, சில சமயம் இருநூறு வரிக்கு மேலே இருக்கும். முதல் எர்ரர்தான் நிஜம். பின்னால் வரும் நாற்பதும் பெரும்பாலும் அதன் பிள்ளைகள். பண்ருட்டியில் ஒருவர் மூன்று நாள் கடைசி வரியையே தேடிக்கொண்டிருந்தார். நேரில் போய்த் திரையை மேலே தள்ளினேன். முதல் வரியிலேயே 'பில்ட்' டைரக்டரி இல்லை என்று எழுதியிருந்தது. கெர்னல் ஹெட்டர்கள் போடவில்லை, அதுதான் விஷயம். ஐந்து நிமிட வேலை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டெர்மினலில் 'ஸ்கிரிப்ட்' என்று அடியுங்கள். 'மேக் கிளீன்', பிறகு 'மேக்' ஓட்டுங்கள். முடிந்ததும் 'எக்ஸிட்'. 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற ஃபைலில் வந்தது அத்தனையும் இருக்கும். அதோடு 'யூநேம் -ஆர்' காட்டும் கெர்னல் எண்ணையும், 'எல்எஸ்யூஎஸ்பி' காட்டும் எட்டு எழுத்து ஐடியையும் எழுதுங்கள். டாங்கிள் பெட்டியில் அச்சடித்த பெயர் போதாது. ஒரே பெயர், ஒரே பெட்டி, உள்ளே சிப் மட்டும் வேறாக இருப்பது சகஜம்.

ஹெட்டர்கள் இருந்தும் 'ப்ராக் ஆப்ஸ்' (ப்ராக் ஃபைல்களைக் கையாளும் கெர்னல் அமைப்பு) பற்றிப் புலம்பினால் டிரைவர் சோர்ஸ் பழசு. 2020இல் வந்த 5.6 கெர்னலில் அந்த இடம் மாறியது, அதற்கு முன் எழுதி அப்படியே விட்ட டிரைவர்கள் பல அங்கே விழும். யாராவது திருத்திய புதிய சோர்ஸைத் தேடுங்கள். நீங்களே சோர்ஸில் உள்ள நட்சத்திரக் குறியைக் கூட்டிக் குறைத்து எர்ரரை அடக்கப் பார்க்காதீர்கள். கம்பைல் ஆகிவிடும், அப்புறம் கணினியே உறையும்.

சூடோ விஷயம்: கம்பைல் செய்ய அது வேண்டாம், இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் போதும். இப்போது உங்கள் ஃபோல்டரில் ரூட்டுக்கு (நிர்வாகிக்கு) சொந்தமான ஃபைல்கள் கிடக்கும், அடுத்த முறை 'பெர்மிஷன் டினைட்' வரும். ஃபோல்டரை அழித்து, சோர்ஸை மறுபடி பிரித்துத் தொடங்குங்கள்.

நெய்வேலி வாசகர்: ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு டிரைவர் காணாமல் போகிறது.

டிரைவர் மாட்யூல் அந்தந்தக் கெர்னலுக்கென்று கட்டப்படுவது. டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள், புதுக் கெர்னல் வரும்போது அதுவே மறுபடி கட்டிக்கொள்ளும். 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று வந்தால் செக்யூர் பூட் (கையெழுத்திடாத டிரைவரை ஏற்காத பாதுகாப்பு) தடுக்கிறது. 'மோக்யூடில்' கொண்டு உங்கள் சாவியைப் பதியுங்கள். ரீபூட்டில் வரும் நீலத் திரையை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், பதிவு அங்கேதான் முடியும்.

முத்தியால்பேட்டை வாசகி: பெரியப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்த லேப்டாப். எர்ரர் எல்லாம் பிரெஞ்சில் வருகிறது, தேடினால் விடை கிடைப்பதில்லை.

புதுச்சேரியிலிருந்து இப்படி வருவது இது முதல் முறை இல்லை. முழு மொழியையும் மாற்ற வேண்டாம். 'எல்சி_ஆல்=சி மேக்' என்று ஓட்டினால் அந்த ஒரு முறை ஆங்கிலத்தில் வரும். முதல் எர்ரரைத் தேடுங்கள்.

சிதம்பரம் வாசகர்: 'கில்ட்... சிசி1பிளஸ்' என்று நின்றுவிடுகிறது. ராம் 4 ஜிபி. '-ஜே8' போடுகிறேன்.

சி++ கம்பைலர் ஒவ்வொன்றும் சுமார் 1 ஜிபி கேட்கலாம். '-ஜே8' என்றால் ஒரே நேரத்தில் எட்டு. எட்டை எங்கே வைப்பது? ராம் தீர்ந்ததும் கெர்னல் கம்பைலரைக் கொல்கிறது. '-ஜே2' போடுங்கள், 4 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) சேருங்கள்.

கடலூர் முதுநகர் வாசகர்: பாதியில் கரண்ட் போனது. திரும்ப ஓட்டினால் 'ஃபைல் ட்ரன்கேட்டட்'.

அரைகுறையாக எழுதிய ஆப்ஜெக்ட் ஃபைலை (சோர்ஸ் கம்பைல் ஆகி வரும் ஃபைல்), நேரம் புதிதாக இருப்பதால் முடிந்தது என்று மேக் நம்புகிறது. 'மேக் கிளீன்' செய்து முதலிலிருந்து ஓட்டுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு ஜெனரேட்டரில் வேலை பார்த்த நாட்களில் எனக்கு இது அடிக்கடி நேர்ந்தது.

விருத்தாசலம் மாணவர்: பென் டிரைவில் வைத்து கம்பைல் செய்தால் 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்'. சூடோவும் உதவவில்லை.

கம்பைலுக்கு சூடோ வேண்டாம் என்று மேலேயே சொன்னேன். ஃபேட் வகைப் பென் டிரைவில் சிம்பாலிக் லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) உருவாக்க முடியாது. ஹோம் டைரக்டரிக்கு நகலெடுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது, 'நியூ ஃபோல்டர்' என்று வைத்தால் அங்கேயே மேக் தடுமாறும்.

அரியாங்குப்பம் வாசகர்: 'கிளாக் ஸ்க்யூ' என்று எச்சரிக்கை. தினமும் எல்லா ஃபைலும் மறுபடி கம்பைல் ஆகிறது. பழைய டெஸ்க்டாப்.

தேதியைப் பாருங்கள், பல வருஷம் பின்னால் போயிருக்கும். சோர்ஸ் ஃபைல்கள் எதிர்காலத்தில் எழுதியவை போலத் தெரிவதால், கம்பைல் ஆனதெல்லாம் பழசு என்றே மேக் முடிவு கட்டுகிறது. மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். கடலோர வீடு என்றால் பேட்டரி உட்காரும் தகட்டையும் பாருங்கள். போன வாரம் ஒன்றைக் கழற்றினேன், புதுப் பேட்டரி போட்டும் நேரம் நிற்கவில்லை. உப்புக்காற்றில் தகடு பச்சை பூத்திருந்தது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எழுதுபொருள் ரப்பரால் தேய்த்தால் போதும்.