மின்விசிறி மயிலை என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உடைந்த டைல்ஸ், பழைய சைக்கிள் சக்கரம், காலி பாட்டில், எரிந்துபோன மின்விசிறி என்று கண்ணில் படுவதையெல்லாம் கொண்டுவந்து மொட்டைமாடியில் உருவங்கள் செய்கிறார். மின்விசிறி இறக்கைகளால் ஒரு மயில், டைல்ஸ் பதித்த ஒரு காளை, இப்போது ஆளுயரத்துக்கு ஒரு சிமென்ட் தேர். எதற்கும் உதவாத கருவிகளும் உண்டு. கொடியில் காயும் துணி மழையில் நனைந்தால் மணியடிக்கும் ஒரு பொறி செய்திருக்கிறார். துணி முழுக்க நனைந்த பிறகுதான் அது அடிக்கும்! தெருவில் சிரிக்கிறார்கள். மாசியில் மகனுக்குப் பெண் கொடுக்க நினைப்பவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். 'அப்பா தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது லாரி வைத்து அள்ளிவிடலாம்' என்கிறான் மகன். இவருக்கு இருப்பது ஏதாவது நோயா? மகன் சொல்வதற்குச் சம்மதிக்கலாமா?
– பெயர் வேண்டாம், கரூர்.

பதில்: சம்மதிக்காதீர்கள் அம்மா. லாரிக்காரருக்கு உங்கள் மகன் முன்பணம் கொடுப்பதற்குள் இந்த இதழ் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் கையால் செய்ததை அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அள்ளிப்போட்டால், அந்த வீட்டில் பிறகு நடக்கும் எந்த நல்ல காரியத்திலும் அவர் மனதார உட்கார மாட்டார். மகனுடைய கல்யாணத்திலும்தான்.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். பிரிவினையின்போது இன்றைய பாகிஸ்தான் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். அவருக்குச் சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. புது நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. இடிபாடுகளில் கிடந்த பீங்கான், ஓடு, வளையல் துண்டு, விநோத வடிவக் கற்கள் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றி, சுக்னா ஏரிக்கு அருகே ஒரு காட்டுப் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1957 வாக்கில் தொடங்கிய வேலை. கட்டடமே கட்டக் கூடாது என்று அரசு ஒதுக்கி வைத்த நிலம் அது. அரசு ஊழியரான அவருக்கு அது தெரியாமல் இருக்குமா? அதனால்தான் அலுவலகம் முடிந்த பிறகு, இரவில், யாருக்கும் சொல்லாமல் செய்தார். எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது ஏறக்குறைய 12 ஏக்கரில் முற்றங்களும் சுவர்களும் நூற்றுக்கணக்கான சிலைகளும் நின்றன. உடைந்த வளையலையே சேலையாக உடுத்திய பெண்கள், பீங்கான் துண்டு பதித்த விலங்குகள், வரிசை வரிசையாக மனிதர்கள்.

சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஊர் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1976இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவரையே அதன் பொறுப்பாளராக்கி, சம்பளமும் 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். இந்திய நிர்வாக வரலாற்றில் இப்படி ஒரு கோப்பில் கையெழுத்து விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் இறந்தார். 'ராக் கார்டன்' என்று பெயர்பெற்ற அந்தத் தோட்டத்தைப் பார்க்காமல் சண்டிகரிலிருந்து யாரும் திரும்புவதில்லை.

உங்கள் மகனுக்குப் படித்துக்காட்ட வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. 1996இல் நேக் சந்த் உரையாற்ற அமெரிக்கா போயிருந்தார். அந்த நேரத்தில் தோட்டத்துக்கான ஆதரவை நகர நிர்வாகம் விலக்கிக்கொண்டது. விஷமிகள் உள்ளே புகுந்து சிலைகளை உடைத்துப் போட்டார்கள். ஆள் இல்லாத நேரம் பார்ப்பது எவ்வளவு பழைய உத்தி என்று பாருங்கள்.

உங்கள் கணவரும் நேக் சந்த் ஆகிவிடுவார் என்று ஆசை காட்டவில்லை. அந்தத் தேர் எப்படி இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை, அவலட்சணமாகக்கூட இருக்கலாம். இப்படிப்பட்ட கதைகளை எழுதுபவர்கள் வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் கோபம். பிரான்சில் ஓத்தரீவ் என்ற கிராமத்தில் ஃபெர்டினாண்ட் ஷெவால் என்ற தபால்காரர் 1879இல், தம் 43ஆம் வயதில், நடைபாதையில் ஒரு கல் தடுக்கி விழப் பார்த்தார். அந்தக் கல்லின் வடிவம் பிடித்துப்போய் எடுத்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தபால் கொடுக்கப் போகும் வழியெல்லாம் கல் பொறுக்கினார். முதலில் சட்டைப்பையில், பிறகு கூடையில், பிறகு தள்ளுவண்டியில். வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் 33 ஆண்டுகள் உழைத்து 26 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் மாளிகை எழுப்பிவிட்டார். ஒரு பக்கச் சுவரில் இந்துக் கோவில்கூட உண்டு. அஞ்சலட்டையிலும் பத்திரிகைப் படத்திலும் பார்த்த உலகத்தையெல்லாம் அதில் செதுக்கினார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 1969இல் பிரெஞ்சு அரசு அதைத் தேசியச் சின்னமாகப் பதிவு செய்தது.

சரி, கல் நிரம்பிய சட்டைப்பை எத்தனை நாள் தாங்கும்? அதைத் தைத்தது யார்? காய்கறித் தோட்டம் போன பிறகு காய் எங்கிருந்து வந்தது? 1914இல் இறந்த மனைவியிடம் யாராவது கேட்டிருந்தால் பத்திரிகைக்கு நல்ல பேட்டி கிடைத்திருக்கும். ஆகவே அம்மா, உங்கள் எரிச்சலுக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மாடி உங்களுடையதும்தான். வற்றல் காயவைக்க இடம் வேண்டும் என்பது கலைக்கு எதிரான பேச்சு ஆகாது.

நோயா என்று கேட்டீர்கள். பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார், எதையும் செய்வதில்லை, ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூடத் தூக்கிப்போட விடுவதில்லை, வீட்டில் நடக்க வழியில்லை என்றால் கவலைப்பட வேண்டும். தூக்கம் குறைந்து, கை திடீரென்று தாராளமாகி, பேச்சும் குணமும் சட்டென மாறினாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்; மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் இதில் எதுவும் இல்லை. காளையை முடித்துவிட்டுத்தான் தேரைத் தொடங்கியிருக்கிறார், பாதயாத்திரை போகிறார், ஓய்வூதியத்தை உங்கள் கையில் கொடுக்கிறார். எனக்கு அவர் நலமாகத்தான் தெரிகிறார்.

துணி நனைந்த பிறகு அடிக்கும் மணியைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜப்பானில் கென்ஜி கவகாமி என்பவர் வேண்டுமென்றே இப்படிப்பட்ட கருவிகளைச் செய்து புகழ்பெற்றார். ஜலதோஷக்காரர் தலையில் மாட்டிக்கொள்ளும் காகிதச் சுருள், காலணிக்குக் குட்டிக் குடை, பசைக்குச்சி போலத் திருகித் தடவும் வெண்ணெய். விற்கக் கூடாது, காப்புரிமை வாங்கக் கூடாது என்பவை அவருடைய விதிகள். 1995இல் வந்த அவருடைய தொகுப்பில் தன்னைத் தானே படமெடுக்க நீண்ட குச்சியில் கேமராவை மாட்டும் சாதனமும் வேடிக்கையாக இடம்பெற்றது. இன்று உங்கள் மகனிடம் அப்படி ஒரு குச்சி இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

இனி வீட்டு ஒழுங்கு. மாடியில் பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு. நடுவில் ஒரு கோடு. சிமென்ட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை, அதற்கு மேல் போனால் அடுத்த மாதம்தான். பாட்டில்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். வாய் மேலே பார்த்தால் மழைநீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். டயர் இருந்தால் அதுவும் அப்படியே. டைல்ஸ் உடைக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மாசியில் வருகிறவர்களிடம் எதையும் மறைக்காமல் காபி முடிந்ததும் மாடிக்கு அழைத்துப் போங்கள். மணியை அவரே அடித்துக் காட்டட்டும். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களை, கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது உங்களுக்கு லாபம். பெண்ணுக்குச் சிரிப்பு வந்தால் நல்ல சகுனம்.

எனக்கு உண்மையான பயம் ஒன்றே ஒன்றுதான்: எடை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா என்ற இத்தாலியக் கட்டடத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாக, சாரம்கூடக் கட்டாமல், இரும்புக் கம்பியை வளைத்து, வலை சுற்றி, சிமென்ட் பூசி, கண்ணாடித் துண்டும் சிப்பியும் பதித்துக் கோபுரங்கள் எழுப்பினார். உயரமானது ஏறக்குறைய 30 மீட்டர். அவர் ஊரைவிட்டுப் போன பிறகு, ஆபத்து என்று சொல்லி நகராட்சி இடிக்க உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பவே, 1959 அக்டோபரில் ஒரு சோதனை வைத்தார்கள். கோபுரத்தில் கம்பிவடம் கட்டி 10,000 பவுண்டு விசையில் இழுத்தார்கள். இழுத்த இயந்திரத்தின் இரும்புதான் வளைந்தது, கோபுரம் அசையவில்லை. ஆனால் ரோடியாவின் கோபுரம் தரையில் நிற்கிறது. உங்கள் தேர் நிற்பது படுக்கையறைக் கூரை மேல், அதே கூரையில் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. தேரில் இன்னும் ஒரு சட்டி சிமென்ட் ஏறுவதற்குள் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். தாங்காது என்று அவர் சொன்னால் தேர் கீழே வாசலுக்கு வரட்டும், உங்கள் கணவர் முன்னிலையில், அவர் சொல்கிறபடி இறக்கி. லாரிக்கென்று மகன் எடுத்து வைத்திருக்கும் பணம் பொறியாளருக்குப் போதும் என்று நினைக்கிறேன்.