பள்ளிப் படிப்புக்கு வீட்டில் இணையம் இருந்தாக வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கலாமா?

கேள்விக்குக் கீழே "இப்போது எந்த வீட்டில்தான் ஸ்மார்ட்போன் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி உறுத்தியதால்தான் இந்தப் பதில். பிள்ளைக்குத் தனி அறையும் வைஃபையும் இருக்கிற வீட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பு பிரவுசிங் சென்டர். எங்கள் பக்கத்திலும் வீட்டுக்கு ஒரு போன் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது அப்பாவுடைய சட்டைப் பையில் இருக்கிறது. அவர் விசைப்படகில் கடலுக்குப் போனால் போனும் போய்விடும். திரும்பி வர ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது அப்பாவும் போனும் வீட்டிலேயே இருப்பார்கள். என்ன பிரயோஜனம், பள்ளிக்கூடமும் அப்போது பெரும்பாலும் முழுப்பரீட்சை லீவு.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிய பிறகு பாடமெல்லாம் வாட்ஸ்அப்புக்கு வந்தது. ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் கடை வாசலில் நின்று, "அண்ணா, எங்கப்பா போனை எட்துக்கினு போயிட்டாரு. மிஸ் அனுப்புனத உன் போன்ல பாக்கட்டா?" என்றாள். என் நம்பரையே வகுப்புக் குழுவில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் தம்பி, எதிர்வீட்டுப் பையன், அவன் சிநேகிதன். ஆறு மாதத்தில் பதினொரு குழுக்களில் நான் 'பெற்றோர்'. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

ஒரு நாள் ஒரு டீச்சர் போன் செய்து, "என்ன அப்பா நீங்க? பையன் மூணு நாளா ஹோம்வொர்க் அனுப்பலை" என்று பிடிபிடியென்று பிடித்தார். நான் அப்பா இல்லை என்று சொன்னால் குழுவிலிருந்து தூக்கிவிடுவாரோ என்று பயம். "சரிங்க மேடம், கண்டிக்கிறேன்" என்றேன். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவரும் சொந்த டேட்டாவில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

சேவை என்று பெருமையடிப்பதாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். போனில் பார்ப்பது இலவசம், பிரின்ட் எடுத்தால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கினேன். டோனரும் பேப்பரும் யாரும் சும்மா கொடுப்பதில்லை.

கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பீர்கள். 2019லேயே வந்துவிட்டது, உதவியும் செய்தது. ஆனால் ஒரு கணக்குப் புரியவில்லை என்றால் டிவியிடம் எப்படிக் கேட்பது? 2018இல் வந்த புதுப் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு போட்டிருந்தார்கள். "இதுக்குள்ள இன்னா இருக்குது, காட்டு" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். சின்ன வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1இல். அதுவரை இதே கதைதான்.

கேரளத்தில் இணையம் உரிமை என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறீர்கள். 2019 செப்டம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் வந்தது. ஹாஸ்டலில் மாலை ஆறிலிருந்து பத்து வரை போன் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்தார், வெளியே அனுப்பிவிட்டார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தப் பெண்ணிடம் சொந்தமாக ஒரு போன் இருந்தது.

அதனால் வீட்டில் கட்டாயம் என்பது வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையை மணி அடித்ததும் பூட்டாமல் ராத்திரி ஏழு மணி வரை திறந்து வைக்கட்டும், ஓர் ஆளையும் போடட்டும். என் வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

வியாபாரம் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியில் இரண்டு பிரின்டர் செத்துவிட்டன. ரோட்டைத் தோண்டும்போதெல்லாம் கேபிளை அறுத்துவிட்டுப் போகிறார்கள், மூன்று நாளைக்கு நெட் இருக்காது. இது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லை, தெரியும். எங்கே போய்ச் சொல்வது?

பத்துக் குழுக்களிலிருந்து வெளியே வந்துவிட்டேன். ஒன்றில் மட்டும் இன்னும் இருக்கிறேன். அந்தப் பையன் பள்ளியை முடித்தே போய்விட்டான். நேற்றுகூட, நாளைக்கு பி.டி. பீரியட், ஷூ போட்டு அனுப்பவும் என்று வந்திருந்தது.