இரவல் பதிவேடும் ஒரு தந்தையின் கேள்வியும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கிளை நூலகத்தில் நூலகராகப் பணியாற்றுகிறேன். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். சென்ற மாதம் ஒருவர் வந்து, கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் தம் மகள் எங்களிடம் என்னென்ன புத்தகங்களை எடுத்துச் செல்கிறாள் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். நான் மறுத்தேன். அவர் மேலதிகாரியிடம் முறையிட்டார். "பெற்ற தகப்பன் கேட்கிறார், சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று அதிகாரி என்னைக் கடிந்துகொண்டார். நூலக அறிவியல் படித்தபோது தொழில் நெறிமுறைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அவை வெளிநாட்டுக்கு மட்டும்தானா? மீறினால் தண்டனையில்லாத நெறிமுறையால் யாருக்கு என்ன பயன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் மறுத்தது சரி. உங்கள் கடிதத்தின் தொனியில் ஒரு குற்றவுணர்வு தெரிவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசகரோடு பழகுவதால் தெரியவரும் அந்தரங்கச் செய்திகளை வெளியே சொல்லாமல் காப்பது நூலகரின் கடமை என்ற விதி, அமெரிக்க நூலகச் சங்கம் 1938இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறையிலேயே இருக்கிறது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட நெறிமுறை, ஒரு கொடுக்கல் வாங்கலுக்காகப் பெற்ற வாசகர் விவரம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இதை உங்கள் மேசையில் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு நூலின் எண்ணை நீங்கள் எழுதியது, அந்த நூல் உரிய நாளில் அலமாரிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. அவர் என்ன படிக்கிறார், என்ன யோசிக்கிறார் என்று வீட்டாருக்கு அறிவிப்பதற்காக அந்த வரி எழுதப்படவில்லை.

தண்டனை இல்லை என்பது உண்மைதான். வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல நூலகரை விசாரித்துப் பதிவை நீக்கும் அமைப்பு நம்மிடம் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. ஆனால் நெருக்கடி வரும்போது அந்தச் சில வரிகள் என்ன செய்யும் என்பதற்கு கனெக்டிகட் மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே 20க்கும் மேற்பட்ட நூலகங்களின் கணினிப் பணிகளைக் கவனித்துவந்த லைப்ரரி கனெக்‌ஷன் என்ற அமைப்புக்கு, 2005 ஜூலையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் ஒரு கடிதத்தோடு வந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று மாலை 4 மணியிலிருந்து 4.45 வரை ஒரு குறிப்பிட்ட கணினி இணைப்பைப் பயன்படுத்தியவர்கள் பற்றிய விவரம் வேண்டும் என்றது கடிதம். அதில் எந்த நீதிபதியின் கையெழுத்தும் இல்லை. இப்படியொரு கடிதம் வந்ததையே யாரிடமும் சொல்லக்கூடாது என்ற தடை மட்டும் இருந்தது.

அமைப்பின் இயக்குநர் ஜார்ஜ் கிறிஸ்டியனும், நிர்வாகக் குழுவிலிருந்த நூலகர்கள் பார்பரா பெய்லி, பீட்டர் சேஸ், ஜேனட் நோசெக் ஆகியோரும் விவரம் தர மறுத்து, பெயர் வெளியிடாமல் வழக்குத் தொடுத்தார்கள். அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் தங்கள் வழக்கு பிரிட்ஜ்போர்ட்டில் நடந்தபோது அந்த நீதிமன்றத்துக்குள்ளேயே அவர்கள் போக முடியவில்லை. வேறொரு நகரத்தில், ஒரு அறைக்குள் அமர்ந்து தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்கள். இத்தகைய கடிதங்களை அனுப்பும் அதிகாரத்தை விரிவாக்கிய பேட்ரியாட் சட்டத்தை நீட்டிப்பதா என்று அமெரிக்க நாடாளுமன்றம் விவாதித்த மாதங்கள் முழுவதும் அவர்களால் வாய்திறக்க இயலவில்லை. 2006இல் தடை விலகியது, பிறகு எஃப்.பி.ஐ. தன் கோரிக்கையையே கைவிட்டது. அவர்கள் சட்டத்தை மீறியவர்கள் அல்லர். நீதிமன்ற ஆணையோடு வாருங்கள் என்பதே அவர்கள் நிலை. உங்கள் நிலையும் அதுவாகவே இருக்கலாம்.

பதிவேட்டைக் காட்ட மறுப்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நான் படித்த கல்லூரி நூலகத்தில் எங்களுக்குச் சிறு பை போல மடித்து ஒட்டிய அட்டைச் சீட்டுகள் தருவார்கள். புத்தகம் எடுக்கும்போது அதனுள்ளிருக்கும் அட்டையை உருவி, என் சீட்டுக்குள் செருகி, தேதிவாரியாக ஒரு மரத்தட்டில் அடுக்கிவைப்பார் அந்த உதவியாளர். திருப்பித் தந்ததும் அட்டை புத்தகத்துக்குப் போகும், சீட்டு என் கைக்கு வரும். அந்த நொடியிலிருந்து நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததற்கு எங்கும் தடயமில்லை. பிரௌன் முறை என்று நீங்கள் மனப்பாடம் செய்தது இதைத்தான். எவர் வந்து மிரட்டினாலும் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது. பேரேடும், இப்போது கணினியும் வந்தபிறகு ஒவ்வொரு இரவலும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. நம் நூலகங்கள் பலவற்றில் இயங்கும் கோஹா மென்பொருளில், நூல் திரும்பியபின் வாசகர் பெயரை அந்தக் குறிப்பிலிருந்து நீக்கிவிடும் வசதி உண்டு. யாராவது அமர்ந்து அதை இயக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் அமெரிக்கச் சங்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிறுவர்களுக்கும் அது ஏறத்தாழ இதே பாதுகாப்பைக் கோருகிறது. எட்டு வயதுப் பிள்ளை எடுத்துச்சென்ற புத்தகத்தை அம்மா கேட்டால் நான் சொல்லிவிடுவேன். கல்லூரியில் படிக்கும் பெண்ணின் விஷயம் அப்படியன்று.

நம் 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் கவனமெல்லாம் நூலகங்களை நிறுவுவதிலும் நூலக வரியிலும் இருந்தது. ஆயினும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். உங்கள் அதிகாரியிடம் அதைச் சொல்லுங்கள். மீண்டும் வற்புறுத்தினால், அந்த வாசகியின் இரவல் விவரங்களை இன்னாரிடம் தெரிவிக்கும்படி எழுத்துமூலமாக உத்தரவிடுமாறு பணிவோடு கேளுங்கள். அப்படி எழுதிக் கையெழுத்திட அவர் முன்வருவார் என்று நான் நினைக்கவில்லை. அதோடு, வாசலில் விரித்துவைத்திருக்கும் வருகைப் பதிவேட்டையும் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், தம் மகள் எந்தெந்த நாள் வந்தாள் என்று அந்தத் தந்தை அதைப் புரட்டியே தெரிந்துகொள்ளலாம்.