தடுப்புக் காவலில் இருக்கும் மச்சானுக்காகக் கோர்ட்டுக்குப் போகலாமா?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கி அகதிக் கோரிக்கை வைத்த உங்கள் மச்சானை, அடையாளம் உறுதியாகவில்லை என்று எல்லைச் சேவை அதிகாரிகள் தடுத்து வைத்திருக்கிறார்கள். தடுப்பைத் தொடர்வதா என்று பார்க்கும் மீளாய்வு விசாரணை, அதாவது தவணை, இரண்டு முடிந்தும் விடவில்லை. அடுத்தது 30 நாளுக்குப் பிறகு. அதுவரை சும்மா இருக்க வேண்டுமா, கோர்ட்டில் போட ஏலுமா என்று கேட்கிறீர்கள்.

சும்மா இருக்கத் தேவையில்லை, கோர்ட்டிலும் போடலாம். ஆனால் கோர்ட்டில் நிற்கக்கூடிய வழக்கு இந்த 30 நாள் தவணைகளில்தான் உருவாகிறது. அங்கே ஒன்றும் பதியாமல் விட்டால் பிறகு எவ்வளவு கெட்டிக்கார லோயரைப் பிடித்தாலும் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

தவணைக் கணக்கு இதுதான்: பிடித்த 48 மணித்தியாலத்துக்குள் ஒன்று, அடுத்த 7 நாளுக்குள் ஒன்று, அதன்பின் 30 நாளுக்குள் ஒவ்வொன்றாக. தீர்மானிப்பவர் பிடித்த அதிகாரி அல்ல, குடிவரவு அகதிகள் சபையின் குடிவரவுப் பிரிவு உறுப்பினர். தடுத்து வைக்கக் காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு ஒவ்வொரு தவணையிலும் அமைச்சர் தரப்புக்கு, அதாவது அமைச்சருக்காக வரும் எல்லைச் சேவைக்கு. ஆனால் முந்தைய உறுப்பினரின் முடிவை மாற்றுவதென்றால் தெளிவான, வலுவான காரணம் சொல்ல வேண்டும் என்று 2004 இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் பழைய முடிவே திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தவணைக்கும் புதிதாக ஒன்று கொண்டுபோக வேண்டும். புதிய ஆதாரம் இடையில் கிடைத்தால் 30 நாள் காத்திராமல் முன்கூட்டியே விசாரிக்கும்படி எழுத்தில் கேட்கலாம். 30 நாள் தவணைக்கான ஆவணங்கள் குறைந்தது 5 நாளுக்கு முன் போய்ச்சேர வேண்டும், தமிழில் உள்ளவை மொழிபெயர்ப்போடு.

அடையாளம் என்ற காரணத்தில் உறுப்பினர் பார்ப்பது, அடையாளத்தை நிறுவ அமைச்சர் தரப்பு நியாயமான முயற்சி எடுக்கிறதா என்பதை. ஆகவே ஊரிலிருந்து தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலப் பிரதிகளையும் கூரியரில் எடுப்பியுங்கள். வந்த உறையையும் பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள்; ஆவணம் எங்கிருந்து, யார் அனுப்பி வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. பிறகு ஒரு தாளில் தேதி தேதியாக எழுதுங்கள்: எந்த நாள் கொடுத்தோம், எந்த நாள் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், எத்தனை நாளாகப் பதில் இல்லை. அந்தத் தாளை ஒவ்வொரு தவணையிலும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது ஆவணத்துக்காக மச்சான் இலங்கைத் தூதரகத்தை நாட வேண்டாம். பயம் என்று சொன்ன கதைக்கு அதுவே எதிராகத் திரும்பும்.

அடையாளம் தீர்ந்ததும் அடுத்து, ‘விட்டால் விசாரணைக்கு வரமாட்டார்’ என்ற காரணம் வரும். அதற்குப் பதில் பிணையாளி. அவர் கனடாவில் வசிக்கும் குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்க வேண்டும், முன்பு பிணை முறிந்தவராக இருக்கக் கூடாது. வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் வேண்டும். எங்கள் ஆட்கள் சறுக்குவது காசில். சீட்டுக் காசையும் கைமாற்றையும் தவணைக்கு முதல்நாள் கணக்கில் போடுவார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் திணறுவார்கள். தொகை பெரிதாக இருப்பதைவிட, போனால் பிணையாளிக்கு உண்மையாக நோகும் தொகையாக இருப்பது முக்கியம். ‘அவர் வீட்டைவிட்டுப் போனால் என்ன செய்வீர்கள்’ என்று கட்டாயம் கேட்பார்கள். ‘உடனே எல்லைச் சேவைக்கு அறிவிப்பேன்’ என்று தயங்காமல் சொல்லக்கூடியவரையே நிறுத்துங்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், சமூக மேற்பார்வையில் எடுக்கும் ரொறன்ரோ பெயில் புரோகிராமைப் பற்றி லோயரிடம் கேளுங்கள்.

இனிக் கோர்ட். பாதை இரண்டு.

ஒன்று, பெடரல் நீதிமன்றத்தில் நீதித்துறை மீளாய்வு, அதாவது உறுப்பினரின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிபதி பார்ப்பது. முடிவு தெரிந்த 15 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் 50 டொலர். முதலில் விசாரிக்க அனுமதி கிடைக்க வேண்டும். அனுமதி வருமுன் அடுத்த 30 நாள் தவணை வந்து புதிய முடிவு எழுதப்பட்டால், நீங்கள் எதிர்த்த முடிவு செத்த முடிவாகிவிடும். ஆகையால் விரைவாக எடுக்கும்படி சேர்த்தே கேட்க வேண்டும். வென்றாலும் பொதுவாகக் கிடைப்பது மறுவிசாரணைதான், விடுதலை அல்ல. உறுப்பினர் சட்டத்தைத் தவறாகப் பிரயோகித்தார், ஆதாரத்தைப் பார்க்கவே இல்லை என்ற வகைப் பிழைக்கு இது சரியான இடம்.

மற்றது ஆட்கொணர்வு மனு (ஹேபியஸ் கோர்பஸ்), அதாவது தடுப்பே சட்டப்படியானதா என்று கேட்கும் மனு. ஒன்ராறியோவில் இதை மாகாண உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். குடிவரவுக் கைதிகளுக்கு நெடுங்காலம் இந்தக் கதவு அடைத்திருந்தது. 2015 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் நீண்டகாலம் தடுக்கப்பட்டவர்களுக்குத் திறந்தது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் உறுதிசெய்தது. இதற்கு முன்அனுமதி வேண்டாம். தடுப்பு சட்டப்படியானதா என்று சந்தேகிக்க நியாயமான காரணம் காட்டினால் போதும், சட்டப்படியானது என்று நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் விழும். வென்றால் ஆள் வெளியே.

அப்படியானால் எல்லாரும் இதையே போடலாமே என்று நினைப்பீர்கள். ஆவணம் ஊரிலிருந்து இன்னும் வராத முதல் மாதத்தில் போட்டால் பெரும்பாலும் தோற்கும் என்பதே என் கணிப்பு. மாதங்கள் ஓடி, முடிவு எப்போதென்று எவராலும் சொல்ல ஏலாத நிலையில்தான் இந்த மனுவுக்குப் பலம். கனடாச் சட்டத்தில் இத்தனை நாளுக்குமேல் தடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு கிடையாது, அது பெரிய அநியாயம். இருந்தாலும் நாடுகடத்தலுக்காகத் தடுத்திருப்பவரை அனுப்ப உண்மையான சாத்தியம் இல்லையென்றால் தொடர்ந்து வைத்திருக்க முடியாது என்று 2020 இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மச்சானைப் போலக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கு வாதம் வேறு: அகதி விசாரணைக்கு இன்னும் எவ்வளவு காலம், தாமதம் யாரால், வேறு வழி ஏன் போதாது. இந்த இடத்தில்தான் நீங்கள் எழுதிய அந்தத் தேதித் தாள் வேலைசெய்யும்.

இன்னொன்று: தடுப்பை எதிர்க்கும் வழக்கு நாடுகடத்தலை நிறுத்தாது. அதற்கு பெடரல் நீதிமன்றத்தில் தனியாக இடைநிறுத்த மனு போட வேண்டும். குடிவரவு ஆலோசகர் உரிய உரிமம் இருந்தால் சபையின் முன் வரலாம். இந்த இரண்டு கோர்ட்டிலும் அவரால் நிற்க முடியாது. ‘கோர்ட்டும் நானே பார்ப்பேன்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

15 நாள் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே குடிவரவுப் பிரிவின் பதிவகத்தில் கடைசித் தவணையின் ஒலிப்பதிவை எழுத்தில் கேளுங்கள், நாளைக்கு மாகாணச் சட்ட உதவி அமைப்பான லீகல் எயிட் ஒன்ராறியோவுக்கு அழையுங்கள்.