ஃபோர் வீல் ஜீப்பில் எந்த செட்டப்புக்கு விற்கும்போதும் விலை நிற்கும்?

கேட்டிருப்பது இதுதான்: இரண்டாங்கை ஃபோர் வீல் ஒன்று வாங்கி, லிஃப்ட் கிட் (வண்டியை உயரத் தூக்குகிற சாமான்), பெரிய டயர், வின்ச் (புதைந்த வண்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கிற கருவி) எல்லாம் போட்டு ஓட ஆசை, சில வருஷம் கழித்து விற்கப்போனால் போட்ட காசு திரும்புமா, எந்த மாடலுக்கு, எந்த செட்டப்புக்கு விலை நிற்கும்?

லிஃப்டுக்கும் டயருக்கும் போடுகிற காசு திரும்பாது. விலை நிற்பது, கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிற, கையால் கியர் மாற்றுகிற, பழைய பம்ப் டீசல் எஞ்சின் (கொம்பியூட்டர் இல்லாமல் இயந்திரப் பம்பால் டீசல் அடிக்கிற எஞ்சின்) வண்டிக்குத்தான். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பரும் செசி (வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம்) நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். செசி கறள் (துரு) பிடிக்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பிழைத்தாலும் மாடலின் பெயர் உங்களைக் காப்பாற்றாது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மாதச் சம்பளத்தில் இருப்பவர், லீசிங் (தவணைக் கடன்) போட்டு வாங்கப் போகிறவர், சனி ஞாயிறில் காட்டுப் பக்கம் போக நினைப்பவர் என்று தெரிகிறது. அப்படியென்றால் நான் சொல்வது உங்களுக்கு இன்னும் பொருந்தும். நான் மெக்கானிக் இல்லை, வாகன வியாபாரியும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வண்டி ஒன்றை விற்கும்போது கூடவே நின்றவன், அப்போது கேட்ட பேச்சு இன்னும் மனதில் இருக்கிறது.

நாங்கள் திருகோணமலை, உப்புவெளி. அப்பாவிடம் இருந்தது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106 டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்). 3எல் எஞ்சின், 2.8 லீற்றர், டர்போ கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் பிளேட் ஸ்பிரிங், முன்பக்கமும் முழு எக்சல். சுனாமிக்குப் பிறகு வந்த ஓர் உதவி நிறுவனம் வேலையை முடித்துக்கொண்டு போகும்போது ஏலத்தில் விட்ட வண்டி. தம்பலகாமத்தில் எங்களுக்கு வயல். மூதூரில் சொந்தக்காரர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போவதென்றால் வண்டியைப் பாதையில்தான் (வாகனம் ஏற்றுகிற மிதவைப் படகு) ஏற்ற வேண்டும், துறையில் உப்புத் தண்ணீர் சில்லுக்கு அடிக்கும். அப்பா வீட்டுக்கு வந்ததும் சாப்பிட முந்தி வண்டிக்குக் கீழே நல்ல தண்ணீர் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். செசியில் இருக்கிற துளைகளுக்குள் கம்பியை விட்டு மண்ணைக் கிளறி வெளியே எடுப்பார். பெட்டி மாதிரி மூடிய செசிக்குள் போன மண்தான் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருந்து உள்ளே இருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துவிடும் என்று சொல்வார்.

அவருக்குக் கண் பார்வை குறைந்தபோது விற்க முடிவு செய்தோம். இணையத்தில் விளம்பரம் போட்டேன். முதலில் அழைத்தவர் கொழும்புக்காரர். இடத்தைக் கேட்டார், சொன்னேன். "ட்ரிங்கோ வண்டியா? கடல்காத்து. செசி போயிருக்கும். அதைக் கழிச்சுத்தான் பேசலாம்" என்றார். படம்கூடக் கேட்கவில்லை. அடுத்து வந்தவர்களும் அதே கதைதான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் விலையில் கை வைக்கிறார்கள். நீர்கொழும்பிலும் காலியிலும் இருப்பது கடல் இல்லையா? வண்டியைப் பார்த்துக் குறை சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஊரைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இடையில் ஒரு புரோக்கர் வந்து, "ரெண்டு இஞ்சி தூக்கி, கறுப்பு றிம்மும் பெரிய டயரும் போட்டு விடுங்கோ, பெடியள் அள்ளிக்கொண்டு போவாங்கள்" என்றார். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. அப்பா மறுத்துவிட்டார். "வாறவன் வண்டியைப் பாக்கட்டும் தம்பி, சோடனையை இல்லை" என்றார். அவர் சொன்னது கணக்கிலும் சரி. 3எல் எஞ்சினுக்கு இருப்பது ஏறக்குறைய 90 குதிரைவலுதான். பெரிய டயர் போட்டால் கியர் விகிதம் மாறி ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்பீடோமீற்றர் பிழை காட்டும். தூக்கினால் புறப்பெலர் சாஃப்டின் கோணம் மாறும், ஸ்டியரிங்கின் தன்மையும் மாறும். விசயம் தெரிந்தவன் தூக்கிய வண்டியைக் கண்டால் முதலில் கேட்பது, இதை எங்கே போட்டு அடித்தீர்கள் என்றுதான்.

கடைசியில் வாங்கியவர் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயலும் மாடும் உள்ளவர். தான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டார். வந்ததும் பொனட்டில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சலாம் சொன்னார். கூட வந்த மெக்கானிக் சின்னச் சுத்தியலோடு கீழே படுத்து செசியை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை தட்டிக்கொண்டு போனார். பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் கூடுதல் நேரம் நின்றார், ஹைலக்ஸில் கறள் முதலில் பிடிக்கிற இடங்களில் அது ஒன்று. அடியில் தார் பூசவில்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. புதிதாகக் கறுப்புத் தார் பூசிய செசி என்றால் கறளை மூடியிருக்கிறார்கள் என்றுதான் எடுப்பார்களாம். பிறகு புத்தகத்தை விரித்து எஞ்சின் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். முன் சில்லுகளை எஞ்சின் இழுவையோடு இணைக்கிற ஹப் லொக்கைத் திருப்பி, லோ கியரில் போட்டு, கடற்கரை மணலில் ஏற்றி இறக்கினார்.

"அண்ணன், இந்த வண்டில யாரும் கை வெக்கல்ல. அதுக்குத்தான் இந்த வெல" என்றார் காக்கா. கேட்ட விலைக்கே எடுத்தார். அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"பழைய ஹைலக்ஸ் வைத்திருந்தவர் அப்படித்தான் சொல்வார், லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் விலை தெரியாதா" என்று சிலர் வருவார்கள். தெரியும். சொலிஹல் ஆலையில் பழைய டிஃபெண்டர் தயாரிப்பு 2016 ஜனவரியோடு நின்றுவிட்டது, இனி வராது. அதில் 300 டிடிஐ டீசல் எஞ்சினோடு கலையாமல் இருக்கிற நீளமான 110 மாடலுக்கு நல்ல விலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் மச்சானின் டிஃபெண்டரில் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு இசுசு 4ஜேபி1 ஏற்றியிருந்தது, அவருக்கு முந்திய உடைமையாளர் செய்த வேலை. ஓடுவதற்குத் தங்கமான எஞ்சின். புத்தகத்தில் மட்டும் மாற்றப்படவில்லை. விற்கப்போனபோது வாங்க வந்தவரின் லீசிங் கம்பனி, மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்ததும் கைவிட்டது. லீசிங் கிடைக்காத வண்டியைக் கைக்காசு உள்ளவன் மட்டும்தான் வாங்குவான், அவன் விலையைக் குறைத்துத்தான் கேட்பான். டிஃபெண்டரின் பொடி (மேல்கூடு) அலுமினியம், கறள் பிடிக்காது என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. செசி இரும்புதான், அதிலும் பின் குறுக்குச் சட்டம் முதலில் போகும்.

டொயோட்டா லேண்ட் குரூசர் 70இல் 1எச்இசட் எஞ்சின் வண்டி கிடைத்தால் அதைப்போல விலை நிற்கிற வண்டி வேறில்லை. 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை. கிடைப்பதுதான் கஷ்டம். சுசுக்கி ஜிம்னிக்கு கொழும்பில் ஓட்டோ கியரிலும் ஆள் இருக்கிறது, காட்டுக்குப் போகிறவன் மெனுவலைத்தான் தேடுவான்.

கொமன் ரெயில் எஞ்சின் (கொம்பியூட்டர் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் அடிக்கிற புது வகை) வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022இல் டீசல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், கான்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்துவைத்த டீசலில் தண்ணீரும் தூசியும் கலந்திருந்தது. கொமன் ரெயில் இன்ஜெக்டர் அதைத் தாங்காது, மாற்றுவதும் பெரிய செலவு. 3எல், 5எல், 1எச்இசட் மாதிரி பம்ப் எஞ்சின்கள் ஒரு ஃபில்டர் மாற்றத்தோடு தப்பின. எங்கள் பக்கத்து விவசாயிகள் அதை மறக்கவில்லை, விலையில் அது தெரிகிறது.

"வாங்கின விலையை விடக் கூட்டி விற்றேன்" என்கிறவர்களின் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதத்தில் 360 வரை போனது. அந்தக் காலத்தில் எந்த வண்டியும் விலை ஏறியது. வண்டியின் தரத்தால் வந்த விலை எது, ரூபாய் விழுந்ததால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் போட்ட ஜீப்புகள் விடுமுறை நாட்களில் நிலாவெளிக் கடற்கரையில் ஓடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கரைவலை இழுக்கிற ஆட்கள் கயிற்றைப் பிடித்து நிற்கும்போதே ஹோன் அடித்துக்கொண்டு அதற்கு மேலால் போகிறார்கள். ஒரு வலைக்கு எத்தனை குடும்பம் பங்கு என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டால் "பப்ளிக் பீச்" என்கிறார்கள். படம் எடுத்துப் போட்டு விருப்பம் வாங்குகிறார்கள். நீங்களும் இந்தப் பக்கம் வந்தால் தயவுசெய்து வண்டியை ரோட்டில் விட்டு இறங்கி நடந்து வாருங்கள்.

உங்களுக்கு செட்டப் கட்டாயம் வேண்டுமென்றால், கழற்றி எடுக்கக்கூடியதை மட்டும் போடுங்கள். வின்ச், டயர், றூஃப் ரெக் தனியாக விற்கலாம், தனியாக விற்றால்தான் காசும் வரும். வண்டியோடு வந்த ஸ்பிரிங், றிம், பம்பரை எறியாமல் வீட்டில் வைத்திருந்து விற்க முதல் திரும்பப் பூட்டுங்கள். வெட்டுவதுதான் திரும்பாதது. மட்கார்டை வெட்டியது, ஸ்நோர்கலுக்கு (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற குழாய்) ஓட்டை போட்டது, பம்பரை அறுத்தது எல்லாம் நிரந்தரமாக விலையில் கழியும். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்றாமல் ஓடாதீர்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது டோர்ச் ஒன்றும் சின்னச் சுத்தியலும் கொண்டு போங்கள். பொடிக்கும் செசிக்கும் நடுவே, டீசல் டேங்கின் மேல்பக்கத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விற்பதற்காகக் கழுவுகிறவர்கள் அந்த இடத்தைக் கழுவுவதில்லை. கையில் செதில் செதிலாகக் கறள் வந்தால், என்ன மாடலாக இருந்தாலும் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.